மந்திரியின் பாதித் தாடி

முன்னொரு காலத்தில், கண்ணாடியைவிட மந்திரியை அதிகமாக நம்பிய ஒரு ராஜா இருந்தார். அதிவீரகேது என்று பெயர். வீரத்துக்குக் குறைவில்லை, தானதருமத்துக்கும் குறைவில்லை. முகம் மட்டும் நல்ல உருண்டை. போதாததற்கு அந்த முகத்தில் காதுக்குக் காது பரந்து விரிந்த ஒரு தாடியையும் வளர்த்து வைத்திருந்தார். ராஜா வருகிறார் என்றால் முதலில் தாடி வரும், பிறகு கன்னங்கள் வரும், அதன் பின்னால்தான் ராஜா வருவார்.

அந்த நாட்டில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ராஜா எந்தத் தாடி வைக்கிறாரோ அதே தாடியைத்தான் சபையில் உட்காருகிற எல்லோரும் வைக்க வேண்டும். இல்லாதவனை வாயிற்காவலன் படியேற விடமாட்டான். அடுத்தது, ராஜாவின் முகத்தில் குறை சொல்கிறவனைக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விட்டுவிட வேண்டும். இரண்டையும் யோசித்துச் சொன்னவர் மந்திரி வல்லபர்.

வல்லபருக்கும் உருண்டை முகம்தான். அதை வைத்தே அவர் மேலே வந்தார். 'அரசரின் முகத்தை அச்சில் வார்த்தது போல என் முகம்' என்று வாரம் தவறாமல் சபையில் சொல்லுவார். ஒரு திருவிழாவில் ராஜாவுக்கு ஜுரம் வந்தபோது அவருக்குப் பதிலாக யானைமேல் ஏறி ஊர்வலமும் போய்வந்தார். அன்று முதல் அவருடைய கழுத்து இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்புவது குறைந்துவிட்டது. இப்படிப்பட்டவருக்கு வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்றுதான். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடும் நேரத்தில் ராஜா அவரைக் கூப்பிடுவதில்லை. விகடகவி ஏகம்பனைத்தான் கூப்பிடுவார்.

ஏகம்பன் ஒல்லி. முகமோ நீளம். ராஜாவின் தாடி அவன் முகத்தில் வேலியோரத்துப் புதர் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே, வளர்த்துத் தொலைத்தான்.

இப்படி இருக்கையில் ராஜாவுக்குக் கல்யாண ஆசை வந்தது. ஓவியரை வைத்துத் தன் படத்தை எழுதச் சொல்லி அண்டை நாட்டு இளவரசிக்கு அனுப்பினார். தூதன் திரும்பி வந்து, இளவரசியார் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, உங்கள் நாட்டில் பலா நன்றாக விளையுமோ என்று கேட்டதாகச் சொன்னான். சபையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ராஜாவுக்கு மட்டும் புரியவில்லை. இளவரசிக்குப் பலாப்பழத்தில் ஆசை போலும் என்று ஒரு வண்டி நிறையப் பழம் அனுப்பினார். வண்டிக்காரன் கொண்டுவந்த பதில், படம் எழுதிய ஓவியருக்கு நல்ல கைத்திறமை, படத்துக்கும் பழத்துக்கும் கொஞ்சமும் வித்தியாசம் தெரியவில்லை என்பதாக இருந்தது.

ராஜாவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் சபையில், முகம் தாய் தகப்பன் கொடுத்தது, அதில் குறை இருக்க வழியில்லை, ஆகவே குறை தாடியில்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். முகத்துக்குப் பொருந்துகிற தாடியை யார் தேர்ந்து சொல்வது என்று கேட்டார்.

வல்லபர் எழுந்தார்.

"அரசே, இதற்கு ஏகம்பனைவிடத் தகுந்தவர் இல்லை. முதலில் தங்கள் திருமுகம் எந்த வடிவம் என்று அவர் சபையில் சொல்லட்டும். அந்த வடிவத்துக்கு எந்தத் தாடி என்று பிறகு சொல்லட்டும். தங்கள் தாடியில் கத்தரி வைத்துச் சோதித்துப் பார்க்க மட்டும் இடம் தரக்கூடாது. வெட்டியது வளர மாதங்கள் ஆகும்."

ராஜாவுக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. நாளைக் காலையில் சொல்லவேண்டும், தவறினால் கழுதை என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஏகம்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். உருண்டை என்று உண்மையைச் சொன்னால் குறை சொன்ன குற்றம். வேறு ஏதாவது சொன்னால் தாடி பொருந்தாமல் போகும், அதற்கும் கழுதைதான். கத்தரி வைத்துப் பார்க்கவும் வழியில்லை. சிரிக்க வைத்தே பிழைத்தவன் அவன். அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். ஊரை விட்டுப் போக அவனுக்கு மனமே இல்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி வடிவு குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏறுறப்ப கழுதையை நல்லாப் புடிச்சிக்குங்க. போன தடவை போனவரை அது குழியில தள்ளிடுச்சாம். நம்ம மந்திரி ஏறுனாரே யானை, அதெல்லாம் எல்லாருக்கும் கிடைக்குமா?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யானை என்றதும் ஏகம்பனின் கை நின்றது. பிறகு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் அரண்மனை வாசலில் கழுதை வந்து நின்றது. கரியும் செம்மண்ணும் குழைத்த சட்டிகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். ஏகம்பன் அரண்மனை நாவிதரையும் கூட்டிக்கொண்டு சபைக்குள் வந்து வணங்கினான்.

"மகாராஜா, தங்கள் முகத்தை முழுநிலவு என்று புலவர்கள் பாடியிருக்கிறார்கள். நிலவுக்குத் தாடி வைத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் வானத்தில் முன்மாதிரி கிடைக்கவில்லை. பூமியில் ஒரே ஒரு முகம்தான் இருக்கிறது. தங்கள் முகத்தை அச்சில் வார்த்தது போன்ற முகம்."

சபை முழுவதும் வல்லபரைத் திரும்பிப் பார்த்தது. வல்லபரின் கழுத்தும் வெகுநாளைக்குப் பிறகு இரண்டு பக்கமும் திரும்பியது. இல்லை என்று சொன்னால் இத்தனை வருஷமாக ராஜாவிடம் பொய் சொன்னதாக ஆகும். ராஜா காரியத்துக்குத் தாடியைத் தரமாட்டேன் என்றாலோ அது அதைவிட மோசம். என் பாக்கியம் என்று ஈனஸ்வரத்தில் சொல்லிவிட்டு முக்காலியில் வந்து உட்கார்ந்தார்.

ஏகம்பன் சொல்லச் சொல்ல நாவிதர் வேலை செய்தார். இடப்பக்கம் கன்னத்து மயிரை அப்படியே புசுபுசுவென்று விட்டு, மோவாயில் மட்டும் ஒட்ட வெட்டினார். வலப்பக்கம் கன்னத்தை ஒட்டக் கத்தரித்து, மோவாயில் நீளமாகத் தொங்கவிட்டுக் கூராக்கினார். ஒரே முகம், இரண்டு தாடி. ஏகம்பன் மயில்தோகை விசிறி ஒன்றை எடுத்து முதலில் மந்திரியின் வலப்பாதியை மறைத்தான்.

"மகாராஜா, இந்தப் பக்கம் எப்படி இருக்கிறது?"

ராஜா பார்த்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"உருண்டை முகத்துக்குக் கன்னத்தில் இத்தனை மயிரா? சாட்சாத் பலாப்பழம்."

சொன்ன பிறகுதான் தன் காதில் அது விழுந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. ஏகம்பன் சட்டென்று விசிறியை மறுபக்கம் மாற்றினான். இப்போது வலப்பாதி தெரிந்தது. கன்னம் அடங்கி, மோவாய் நீண்டு, முகமே ஒரு விரற்கடை இளைத்து நீண்டது போல இருந்தது. லட்சணமாகவே இருந்தது. மந்திரியை லட்சணம் என்று ஒப்புக்கொள்ள வல்லபரைத் தவிர எல்லோருக்கும் வருத்தம்தான்.

ராஜா கண்ணாடி கேட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏகம்பா, என் முகம் எந்த வடிவம் என்று நீ இன்னும் சொல்லவில்லையே?"

"தாங்களே திருவாய் மலர்ந்துவிட்டீர்கள், மகாராஜா. அதற்கு மேல் சொல்ல அடியேன் யார்? குறை சொன்னவரை ஏற்றிப்போகக் கழுதை வாசலில் நிற்கிறது. தாங்கள் ஏறும் அளவுக்கு அதற்கு உடம்பில் வலு இருக்கிறதா என்றுதான் கவலையாக இருக்கிறது."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு கண்ணாடியை மடியில் போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். குறை சொன்னால் கழுதை என்ற சட்டம் அந்தச் சிரிப்பிலேயே அடித்துக்கொண்டு போய்விட்டது.

அன்றே ராஜா வலப்பக்கத்துத் தாடியை வைத்துக்கொண்டார். புதுப் படம் போயிற்று. பழைய படத்தில் இருந்தவர் இவருடைய பெரியப்பாவா என்று விசாரித்துவிட்டு இளவரசி சம்மதம் சொல்லி அனுப்பினாள். வல்லபரின் பாதித் தாடியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பதால் நாவிதர் முழுக்க மழித்துவிட்டார். ராஜாவின் தாடி இல்லாதவரை வாயிற்காவலன் படியேற விடவில்லை. சட்டம் போட்டவரே அவர்தானே, வாய் திறக்காமல் வளர்ப்பதற்காக வீட்டுக்குப் போனார்.

ராஜா ஏகம்பனுக்குப் பட்டும் முத்துமாலையும் கொடுத்து, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். ஏகம்பன் தன் நீள முகத்தைத் தடவிப் பார்த்தான். கூர்த்தாடியையும் இதில் ஒட்டினால் புடலங்காய்க்குக் கல் கட்டித் தொங்கவிட்டது போலத்தான் இருக்கும். என் முகத்துக்கு எது பொருந்துமோ அதை நானே வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றான். ராஜா மறுபடி சிரித்து, அவனுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். மற்றவர்கள் கூர்த்தாடி வைக்க வேண்டியிருந்தது.

சபை கலைந்தது. வாசலில் சட்டி வைத்திருந்த ஆட்களைப் போகச் சொல்லிவிட்டு ஏகம்பன் கழுதைமேல் தானாகவே ஏறினான். தோளில் பட்டு, கழுத்தில் முத்து, வடிவு சொன்னபடியே பிடரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான்.