மூன்றாவது வியாழன்

ரொம்பப் பழைய கதை இல்லை இது. டிவியும் செல்போன் டவரும் வந்த பிறகு நடந்ததுதான். செங்கரடு, செங்கரடு என்று ஓர் ஊர் இருந்தார். ஆமாம், இருந்தார் என்றுதான் சொல்கிறேன். வெள்ளை வேட்டி கட்டி, நாலு பேர் முன்னால் மீசையைத் தடவிக்கொள்கிற ஆளை 'இருந்தது' என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

ஊருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் பெயர் சந்தை. மகன் பெயர் பொட்டல்.

பொட்டல் ஒன்பது ஏக்கருக்குக் கைகால் நீட்டிப் படுத்திருப்பான். மேலே ஆடு படுத்தாலும், லாரி நின்றாலும் ஏன் என்று கேட்க மாட்டான். வியாழக்கிழமை விடிந்தால் அவன் மேல் சாக்கு விரித்துச் சந்தை உட்காருவாள். வெங்காயம், கருவாடு, தாம்புக்கயிறு, அலுமினியப் பாத்திரம், வெள்ளாட்டுக் குட்டி என்று என்ன வேண்டுமோ எல்லாம் அவள் மடியில் இருக்கும். சுத்துப்பட்டுச் சனமெல்லாம் வந்து குவியும். அந்த ஒரு நாள் அவள் சம்பாதிப்பதில்தான் ஊர் வீட்டில் ஏழு நாளும் அடுப்பு எரிந்தது. ஊர் அதை வெளியே சொல்ல மாட்டார். மகள் மேல் அடிக்கிற கருவாட்டு வாடையில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம். சோறு மட்டும் மணத்தது போல.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஊரும் ஒரு கிழமையைப் பங்கு பிரித்து வைத்திருந்தது. செங்கரட்டுக்கு வியாழன் என்றால், பக்கத்திலிருக்கும் ஓடைப்புதூர் வியாழனில் கடை விரிக்கக் கூடாது. ஆனால் மூன்று வாரம் அடுத்தடுத்துச் சந்தை கூடாமல் போனால் அந்தக் கிழமை யாருக்கும் சொந்தமில்லை. முதலில் சாக்கு விரிக்கிறவர் எடுத்துக்கொள்ளலாம். சந்தை கூடியது என்பதற்குப் பெரிய கூட்டமெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு சாக்கு விரித்து ஒரு படி உப்பு விற்றால் போதும். சந்தைக்கு உயிர் இருப்பது அவள் கிழமையில்தான். கிழமை போனால் அவள் போனாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்கினான் பந்தயம்.

விஷயம் இதுதான். கிழக்கே ஒரு பெரிய நகரத்தில் ஒரு கல்லூரி, மேற்கே ஒரு பெரிய நகரத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் கால்பந்தில் தீராத பகை. உன் ஊரில் ஆட மாட்டேன் என்கிறது ஒன்று. உன் ஊரில் ஆடினால் உன் ஆட்கள் விசிலடித்தே எங்களைத் தோற்கடித்துவிடுவார்கள் என்கிறது இன்னொன்று. அதனால் பொதுவாக ஓர் இடம் தேடிப் பந்தயம் புறப்பட்டு வந்திருந்தான்.

"முப்பதாயிரம் பேர் வருவாங்கய்யா," என்றான் பந்தயம். "ஆளுக்கு ஒரு டீ குடிச்சாலே எங்க போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதைவிட, நாடு முழுக்க டிவியில உங்க பேரு வரும்."

டீக்கு அசையாத ஊர் பேருக்கு அசைந்துவிட்டார். மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரே குறை அதுதான். பஸ்ஸில் போகிறவர்கள்கூட அவரைத் தூக்கத்திலேயே தாண்டிப் போனார்கள்.

சந்தை தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள். "ஆடுறவங்கள்ல நம்ம பிள்ளை ஒருத்தனாவது உண்டாங்க?"

"பொது இடம்னா அப்படித்தாம்மா. ரெண்டு பேரும் வெளியாளாத்தான் இருக்கணும்."

"அப்ப இதுல நாங்க யாரு?"

"நீங்கதான் இடம்," என்று சிரித்தான் பந்தயம்.

அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லையாம். பொட்டலுக்குப் புல் போர்த்த வேண்டும். சுற்றிக் கம்பி வேலி போட வேண்டும். புல் வேர் பிடிக்கிற வரைக்கும் இரண்டு வியாழன் சந்தை ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வேலிக்கும் புல்லுக்கும் தண்ணீருக்கும் ஊர்தான் பொறுப்பு. வந்து ஆடிவிட்டுப் போவது மட்டும் பந்தயத்தின் பொறுப்பு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான், வேறென்ன?

அன்று சாப்பிடும்போது சந்தை அப்பாவிடம் சொன்னாள். "ரெண்டு வியாழன் தாங்குவேன்பா. மூணாவது வியாழன் எனக்கு வேணும். வழக்கம் உனக்குத் தெரியாததில்ல."

"எனக்குத் தெரியாதா தாயி? பந்தயம் ரெண்டாவது வியாழனுக்கு அடுத்த சனிக்கிழமையே முடிஞ்சிரும். உன் தலை மேல சத்தியம்," என்றார் ஊர். உண்மையாகத்தான் சொன்னார். அவருக்கு மகள் மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

முதல் வியாழன் போயிற்று. வெங்காயம் வாங்க வந்தவர்கள் வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டாவது வியாழன், குடிதண்ணீர் லாரி தெருவுக்குள் வராமல் நேரே பொட்டலுக்குப் போயிற்று. சந்தை வேலிக்கு வெளியே நின்று தம்பியைப் பார்த்தாள். பச்சைப் போர்வைக்குள் அவன் திணறிக்கொண்டிருந்தான்.

"எப்படிடா இருக்கு?"

"மூச்சு முட்டுதுக்கா. ஆடெல்லாம் எங்க போச்சு?"

"வந்துரும். இந்த ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கோ."

ஆனால் பொட்டலின் மண் உவர்மண். புல் அங்கங்கே பழுத்துவிட்டது. பந்தயம் வந்து குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினான். புதுப்புல் இறக்கி, இன்னும் ஒரு வாரம் தள்ளித்தான் ஆட முடியும் என்றுவிட்டான். அப்படியானால் ஆட்டம் மூன்றாவது வியாழன் தாண்டிய சனிக்கிழமை. ஊர் விரல் விட்டு வியாழனை எண்ணிப் பார்த்தார். இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்த பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றுவிட்டார்.

சந்தை அழவில்லை. விவரமானவள், வழியை யோசித்தாள். வெங்காயம் விற்கும் சீனியம்மாளைத் தேடிப் போனாள். சீனியம்மாள் இருபது வருஷமாக அவள் மடியில் உட்கார்ந்து பிழைக்கிறவள். இரண்டு வாரமாக வியாபாரம் இல்லாமல் வெங்காயம் முளைவிட்டு வீட்டில் கிடந்தது.

"உள்ள போக வேணாம் சீனி. வேலிக்கு வெளிய, கேட்டு ஓரமா ஒரே ஒரு சாக்கு விரி. நாலு பேருக்கு வெங்காயம் போடு. கூடினதுக்கு அது போதும். என் உசுரு தங்கிரும்."

"ஒரு சாக்கென்ன ஆத்தா, நானே வந்து படுத்துக்கிறேன்," என்றாள் சீனியம்மாள்.

மூன்றாவது வியாழன் விடிந்தது. சீனியம்மாள் கேட்டு ஓரத்தில் சாக்கை விரித்தாள். தராசை எடுத்து வைத்தாள். சந்தை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஆளாக ஒரு பெண் தூக்குப்பையோடு வந்துகொண்டிருந்தாள். இன்னும் நாற்பது எட்டுத் தூரம் இருக்கும்.

அதற்குள் டிவிக்காரர்களின் வண்டி வந்து நின்றது. மைதானத்தை வாசலிலிருந்து படம் எடுக்க வேண்டுமாம். பந்தயம் இறங்கி, சாக்கைப் பார்த்தான். சந்தையிடம் ஒன்றும் பேசவில்லை. ஊரைக் கூப்பிட்டு, காதோடு சொன்னான்.

"முளைவிட்ட வெங்காயத்தையாய்யா உங்க பேருக்குப் பக்கத்துல காட்டச் சொல்றீங்க?"

ஊர் மெதுவாக நடந்து வந்தார்.

"தாயி, கொஞ்ச நேரம் எந்திரி."

"எந்திரிச்சா விக்க முடியாதுப்பா. அந்தா ஒரு பொம்பள வருது. ஒரு கிலோ போட்டுட்டு நானே எந்திரிச்சுர்றேன்."

"வெளியாளுக பாக்குறாங்கம்மா. அப்புறமா விரிச்சுக்கலாம்."

"சனிக்கிழமையே முடிஞ்சிரும்னு அன்னிக்கும் இப்படித்தான் சொன்ன. இன்னிக்கு விக்கலேன்னா நான் செத்துருவேன்பா. சும்மா சொல்லல, நெசமாவே செத்துருவேன்."

"அப்படியெல்லாம் ஆகாது. யாரு வந்து உன் கிழமையை எடுக்கப்போறா? ஓடைப்புதூர்க்காரனா? அவன் எனக்குச் சம்பந்தி. நாம பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த ஊரு. நான் ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்."

சொல்லிக்கொண்டே குனிந்தார். வெங்காயத்தைக் கூடையில் அள்ளிப் போட்டார். சாக்கைத் தன் கையாலேயே சுருட்டினார். சந்தை சத்தம் போட்டிருந்தால் நாலு பேர் கூடியிருப்பார்கள். அப்பாவை வெளியாள் முன்னால் தலைகுனிய வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பாழாய்ப்போன மனசு. தூக்குப்பைக்காரி கேட்டருகே வந்து, ஒன்றும் இல்லாததைப் பார்த்துத் திரும்பிப் போனாள். டிவி வண்டி அன்று பொழுது சாயும்வரை அங்கேயே நின்றது. அதுவரை வெங்காயக் கூடையை ஊரும் திருப்பித் தரவில்லை.

சனிக்கிழமை ஆட்டம் நடந்தது. முப்பதாயிரம் என்றானே, அதில் பொய் இல்லை. வந்தார்கள். லாட்ஜ்காரருக்கும் பெட்ரோல் பங்க்காரருக்கும் நல்ல வரும்படி, அதை மறைப்பானேன்? மற்றவர்களுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பாட்டுக் கடைகளைப் பந்தயமே நகரத்திலிருந்து கூட்டிவந்து வேலிக்குள் வைத்திருந்தான். வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுபோக விடவில்லை. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கடைவீதியைக் காலையிலேயே அடைக்கச் சொல்லிவிட்டார்கள். தன் வீட்டுக்குள் போக ஊரே பாஸ் காட்ட வேண்டியிருந்தது.

அவர் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. டீக்கடை டிவி முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் வைத்த கண் வாங்கவில்லை. கிழக்குக் கல்லூரியின் பெயர் வந்தது. மேற்குக் கல்லூரியின் பெயர் வந்தது. பல்பொடி, பனியன், சிமெண்ட் பெயரெல்லாம் வந்தது. அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'இந்தப் பொது மைதானத்தில்' என்றார்கள். கடைசிவரை அப்படியேதான் சொன்னார்கள். ஊர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஜெயித்தவர்கள் பட்டாசு வெடித்தார்கள். தோற்றவர்கள் நாற்காலியை உடைத்தார்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் வண்டி ஏறிவிட்டார்கள். பந்தயம் போகும்போது, புல்லைக் காயவிடாதீர்கள், அடுத்த வருஷம் வந்தாலும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஊர் நம்பி வேலிக்குப் பூட்டுப் போட்டார்.

அடுத்த வியாழன் சந்தை ரோட்டோரம், சாக்கடைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மணி ஏழு, எட்டு, ஒன்பது. கயிற்றுக்காரர் வரவில்லை. கருவாடு வரவில்லை. ஆட்டுக்குட்டிகளின் சத்தம் எங்கோ கேட்டது, அது வேறு பக்கம் போயிற்று. பத்து மணிக்குச் சீனியம்மாள் தலைச்சுமையோடு வந்தாள். இறக்கி வைக்காமலே நின்றாள்.

"ஓடைப்புதூர்ல விடியக்காலமே சாக்கு விரிச்சுட்டாங்க ஆத்தா. சம்பந்தி, சொந்தம்னெல்லாம் ஒருத்தரும் பாக்கல. எல்லாரும் அங்க இடம் பிடிச்சுட்டாங்க. எனக்கும் ஒரு இடம் வச்சிருக்காங்களாம்."

"நீ போ சீனி."

"எப்படி ஆத்தா போறது?"

"பிள்ளைகளுக்குச் சோறு போடணும்ல. போ. வெயில் ஏறுறதுக்குள்ள போ."

சீனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள். சந்தைக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பார்ப்பதற்கு யாரும் இல்லாததால் நன்றாக அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. வாரத்துக்கு வாரம் உடம்பு சுருங்கியது. பொட்டல் வேலிக்குள்ளிருந்து அக்கா, அக்கா என்று கூப்பிட்டான். பூட்டின சாவி ஊரிடம் இருந்தது. கொஞ்ச நாளில் பந்தயத்திடமிருந்து தகவல் வந்தது. அடுத்த வருஷம் வேறோர் ஊரில் ஆட்டமாம். அந்த ஊர் மேற்கூரையே போட்டுத் தருகிறதாம். பொது இடம்தானே, எதுவாக இருந்தால் என்ன?

அன்றைக்கே ஊர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புல்லைக் கொத்தி எறிந்தார். வேலியைப் பிடுங்கினார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. வியாழன் காலையில் மகளிடம் வந்து நின்றார்.

"இடத்தைச் சரி பண்ணிட்டேன் தாயி. எந்திரி."

"இடம் எங்கப்பா போச்சு? அது அங்கனயேதான் கிடந்துச்சு," என்றாள் சந்தை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "கிழமையைத்தான் குடுத்துட்டோம்."

ஊர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். அவள் பார்த்துவிட்டாள்.

"கையில என்ன?"

அவர் மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். மடித்து வைத்த மஞ்சள் பை.

"வீட்டுல ஒண்ணுமே இல்ல தாயி. மூணு நாளா ரசம்தான்."

ரோட்டு வளைவில் ஓடைப்புதூர் பஸ் ஹாரன் அடித்தது. சந்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெக்கு வரிசையில மூணாவது சாக்கு சீனியோடது. அவகிட்ட வாங்கு. எடை குறைக்க மாட்டா."

பஸ் வந்து நின்றது. ஊர் ஏறிக்கொண்டார்.