சுகன்யாவை வரச் சொல்லுங்கள்

"நானூறு பேரைக் கேட்டாச்சு மேடம். இன்னும் யாரைக் கேக்கணும்னு சொல்றீங்க?" என்றார் தீனதயாளன்.

பர்வீன் மேசைமேல் கிடந்த மாதிரி இதழை முன்னும் பின்னுமாகப் புரட்டினார்.

பர்வீன் வயதில் இளையவர். ஆனாலும் பத்திரிகை வடிவமைப்பு என்றால் சென்னையில் அவர்தான் குரு. அவர் தலையசைத்த இதழ் நிற்கும். தீனதயாளன் அவரைக் கேட்காமல் நடத்திய இரண்டு இசைப் பத்திரிகைகளும் படுத்துவிட்டன. அதனால்தான் நரைத்த தலையோடு வந்து சீடராகச் சேர்ந்தார். மூன்றாவதும் போனால், அச்சகக்காரர் அவரை வாசலோடு அனுப்பிவிடுவார்.

"யாருக்கு இது?" என்று கேட்டார் பர்வீன்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த தீனதயாளன் மளமளவென்று ஒப்பித்தார். முப்பத்திரண்டு வயதுப் பெண். இரண்டு குழந்தைகள். மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர். பழைய பாட்டு பாதி, புதுப் பாட்டு பாதி, கர்நாடக சங்கீதம் கொஞ்சம்போல.

"பேர்கூட வெச்சிருக்கேன் மேடம். சுகன்யா."

பர்வீன் இதழை மூடினார்.

"நல்லது. சுகன்யாவை வரச் சொல்லுங்க. அவங்க சரின்னா நானும் சரி."

தீனதயாளன் சிரித்தார். பர்வீன் சிரிக்கவில்லை.

அப்படி ஒருத்தர் இல்லை, நானூறு பேரையும் கூட்டிக் கழித்து உருவாக்கிய வாசகி அவர் என்று தீனதயாளன் பொறுமையாக விளக்கினார்.

"அப்போ கடையில வந்து யார் வாங்குவாங்க?" என்று கேட்டுவிட்டு பர்வீன் வேறு வேலையில் இறங்கிவிட்டார்.

தீனதயாளனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறேனா இல்லையா பார் என்று இதழைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் ரயிலில் அலைந்தார்.

முப்பத்திரண்டு வயதுக்காரி கிடைத்தாள். பாட்டே கேட்பதில்லை என்றாள். பழையதும் புதியதும் கேட்கிறவர் கிடைத்தார். பேரன் பேத்தி எடுத்தவர். வயதைக் கேட்டதும் ஒரு அம்மாள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். தீனதயாளன் அடுத்த பெட்டிக்கு மாறிக்கொண்டார்.

கடைசியில் ஒருத்தி அகப்பட்டாள். பெயர்தான் சுகன்யா இல்லை, முப்பிடாதி. தி.நகரில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மற்றபடி எல்லாம் அச்சு அசல். தீனதயாளனுக்குத் தலைகால் புரியவில்லை. இதழை எடுத்து நீட்டினார்.

முப்பிடாதி ஒரு பக்கம் விடாமல் மரியாதையாகப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். எங்க கடையில ஒரு அக்கா பாட்டு கிளாஸ் போறாங்க. அவங்களுக்குக் காட்டட்டுமா?"

"உங்களுக்கு?"

"எனக்கா?"

அதை இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. வெளியே பார்த்துக்கொண்டே, அப்பா ஒரு பாட்டுப் பாடுவார் என்றாள். உப்பளத்துக்குச் சைக்கிளில் போகும்போது இவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பாடுவாராம். இரண்டு வரிதான் ஞாபகம் இருக்கிறது. அப்பா போன பிறகு யாரைக் கேட்டாலும் மிச்சம் தெரியவில்லை. செல்போனில் தேடியும் இல்லை.

நானூறு பேரிடமும் என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டவர், ஒருவரையும் பாடச் சொன்னதில்லை.

"பாடுங்களேன்" என்றார்.

பெட்டி நிறையக் கூட்டம். முப்பிடாதி தலையைக் குனிந்து, மடியில் இருந்த கைப்பைக்குள் பாடுகிறவள் மாதிரி மெல்லப் பாடினாள். பாடி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாம்பலத்தில் அவள் இறங்கிப் போனாள். எழும்பூரில் இறங்க வேண்டிய தீனதயாளன் கடற்கரை வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வெறுங்கையோடு பர்வீன் முன்னால் வந்து நின்றார்.

"சுகன்யா கிடைச்சாங்களா?"

"கிடைச்சாங்க."

"வரச் சொன்னீங்களா?"

"மறந்துட்டேன் மேடம்."

"இதழ் எங்கே?"

"அவங்க கையோட போயிருச்சு. போகட்டும், அது இனிமே வேண்டாம்."

பர்வீன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

தீனதயாளன் ரயிலில் நடந்ததைச் சொன்னார். முதல் பக்கத்தில் அந்த இரண்டு வரியை மட்டும் போடப்போவதாகச் சொன்னார். கீழே பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கும். மிச்சம் தெரிந்தவர்கள் எழுதி அனுப்பட்டும்.

"எந்த ரெண்டு வரி?"

இரண்டு இசைப் பத்திரிகை நடத்தியவர், யார் முன்னாலும் வாய்விட்டுப் பாடியதே இல்லை. கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கரகரவென்று பாடினார்.

"குடை வாங்கப் போன மச்சான்,
கோடை மழை விட்டிருச்சு..."

அத்தோடு நிறுத்திவிட்டார்.

பர்வீன் காத்திருந்தார்.

"அப்புறம்? மச்சான் வந்தாரா?"

"தெரியலையே மேடம்."

பர்வீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல் இதழ் எப்போ வருது?"