மூன்று பெருமுடிச்சு

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே. கேட்டுவிட்டு நீங்களும் என்னைப் போலத் தலையில் அடித்துக்கொள்ளுங்கள்.

முன்னொரு காலத்தில் நெடுமுடியன் என்றோர் அரசன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் எண் புதிர் என்றால் சோற்றையும் மறப்பான். அவனிடம் குறை சொல்ல வருகிறவர் முதலில் மூன்று புதிர்களை விடுவிக்க வேண்டும். வீடு பற்றி எரிகிறது என்று ஓடி வந்தவனுக்கும் அதே சட்டம். என்னத்தைச் சொல்ல!

புதிர் போடுகிறவர் அமைச்சர் பூதங்கிழார். எண்ணில் தமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பியவர்.

அந்நாட்டு ஆற்றின் நடுவே ஒரு தீவு. அங்கே கோரை அறுத்துப் பாய் முடைகிறவர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் எண்களைக் கயிற்றில் முடிச்சாகப் போடுவார்கள். ஒன்றுக்கு ஒரு சிறுமுடிச்சு. ஒரு கை நிறைந்தால் ஒரு பெருமுடிச்சு.

ஓர் ஆடி மாதம் வெள்ளம் வந்தது. "இத்தனை பேர் இருக்கிறோம், படகு அனுப்புங்கள்" என்று தீவார் ஒரு பரிசல்காரனிடம் கயிறு கொடுத்தனுப்பினார்கள். அதில் மூன்று பெருமுடிச்சு.

பூதங்கிழார் பார்த்தார். "பெருமுடிச்சு என்றால் பத்து. ஆக முப்பது பேர்" என்றார். முப்பது பேர் கொள்ளும் படகுகள் போயின. முப்பது பேர் ஏறினார்கள். ஆறு பேர் மிஞ்சினார்கள்!

இன்னும் ஒருவர் ஏறினாலும் கவிழும் என்றார்கள் படகோட்டிகள். மிஞ்சிய ஆறு பேரும் ஒரு மருத மரத்தில் ஏறிக்கொண்டார்கள். கரை சேர்ந்த செம்பி என்ற பெண் ஈரச் சேலையோடு அரசவைக்கு ஓடினாள்.

"அரசே, ஆறு பேர் மரத்தில் இருக்கிறார்கள்!"

"முதலில் புதிர்" என்றார் பூதங்கிழார். "ஒன்று, மூன்று, ஐந்து. அடுத்து?"

செம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த கயிறுகளில் ஒன்றை உருவி அதில் ஏழு சிறுமுடிச்சு போட்டாள். சரி.

"ஐயா, ஆறு பேர் மரத்தில்!"

"ஒன்று, இரண்டு, நான்கு. அடுத்து?"

எட்டுச் சிறுமுடிச்சு போட்டாள். சரி.

"ஐயா, தண்ணீர் ஏறுகிறது!"

"ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு. அடுத்து?"

அவள் விரல்களைத் தடவி எண்ணி, இரண்டு பெருமுடிச்சும் ஒரு சிறுமுடிச்சும் போட்டு நீட்டினாள்.

பூதங்கிழார் சிரித்தார். "இருபத்தொன்றா? தவறு! ஐயைந்து இருபத்தைந்து. உனக்கு எண்ணவே தெரியவில்லை. நீங்கள் முப்பது பேர், முப்பது பேரும் வந்தாயிற்று. அந்த ஆறு பேர் கணக்கில் இல்லை."

செம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்து மூன்று கயிறுகளில் மளமளவென்று முடிச்சுப் போட்டாள். முதல் கயிற்றில் ஒன்பது சிறுமுடிச்சு, இரண்டாவதில் பத்து, மூன்றாவதில் பதினொன்று.

"ஐயா, இப்போது என் புதிர். அடுத்த கயிற்றில் என்ன?"

"இரண்டாவது கயிறே தவறு! பத்து வந்தால் பெருமுடிச்சு அல்லவா?"

"உங்களுக்கு. நாங்கள் கட்டை விரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுகிறவர்கள். விரலுக்கு மூன்று கணு."

அரசன் தன் கட்டை விரலால் கணுக்களைத் தொட்டுப் பார்த்தான். பன்னிரண்டு. இரண்டு பன்னிரண்டும் ஒன்றும் இருபத்தைந்து. மூன்று பன்னிரண்டு முப்பத்தாறு. அவன் முகம் வெளுத்தது.

"படகை எடுங்கள்! அமைச்சரே, நீரும் ஏறும்!"

போனபோது தண்ணீர் கிளையைத் தொட்டிருந்தது. ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். பூதங்கிழாரே ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கினார். கடைசியாக இறங்கிய கிழவர் குளிரில் நடுங்கியபடி, ஒரு சூதும் இல்லாமல் கேட்டார்: "எங்களையும் எண்ணிவிட்டீர்களா ஐயா?"

பூதங்கிழார் தம் மேலாடையைக் கழற்றிக் கிழவருக்குப் போர்த்திவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்தார். குறை சொல்ல வருகிறவருக்குப் புதிர் போடும் சட்டம் அன்றோடு ஒழிந்தது.

பிறர் சொல்லும் எண்ணை அவர்கள் எண்ணும் முறையில் எண்ணிப் பார்க்காதவன், எவ்வளவு கற்றிருந்தாலும் எண்ணத் தெரியாதவனே.