கலியமூர்த்திக்குப் போகாத அழைப்பு

ஏலகிரி அடிவாரத்தில் ஒரு தியான மையம். அதன் குரு பூங்கோதை அம்மாளைவிடச் சீடர் திருமேனி வயதில் மூத்தவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர் என்பதால் மையத்தின் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பில் இருந்தது.

ஆண்டுக் கூட்டத்துக்குக் கிளைப் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் மெயிலில் அழைப்பு அனுப்பினார். கலியமூர்த்திக்குப் போனது மட்டும் பிழைச் செய்தியோடு திரும்பி வந்தது.

கலியமூர்த்தியும் அவரும் இதே மையத்தில் ஒரே அறையில் தங்கிப் பயின்றவர்கள். சாம்பாரில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று மூண்ட சண்டையில் பேச்சு அறுந்து, கலியமூர்த்தி ஓசூர் கிளைக்குப் போய்விட்டார். அழைப்பு திரும்பி வந்ததும் திருமேனிக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதிகூட. ஆனால் அந்த நிம்மதி அன்று சோறு இறங்கவிடவில்லை.

பிரவுசரை மூடித் திறந்தார். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டார். திருநீறும் பூசிப் பார்த்தார். கடைசியில் குருவிடம் போனார்.

"கலியமூர்த்திக்கு மட்டும் போகமாட்டேங்குதும்மா. மெஷினுக்கே பிடிக்கல போல."

குரு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "என் முன்னாடி அனுப்புங்க."

திருமேனி முதல் எழுத்தைத் தட்டினார். முகவரி தானாக வந்து நின்றது. அதையே தேர்ந்தெடுத்தார்.

"இது எந்த முகவரி?"

"அவன் இங்க இருந்தப்போ வச்சிருந்தது."

"இப்ப அவர் இங்கயா இருக்கார்?"

"இல்லம்மா. ஆனா கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுக்குதே!"

"கொடுக்கிறதை எல்லாம் வாங்கிக்கணுமா?"

குரு அந்தப் பழைய முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கினார். முகவரி மறைந்தது. ஓசூர் முகவரியைத் திருமேனி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

அழைப்பு போய்ச் சேர்ந்தது.

மாலையே பதில் வந்தது. திருமேனி சிவந்த முகத்தோடு ஓடிவந்தார்.

"பாத்தீங்களாம்மா? வரேன்னும் சொல்லல, வரலேன்னும் சொல்லல. காலையில வேண்டாம், சாயங்காலம் வைங்கன்னு நேரத்தை மாத்தச் சொல்றான். எதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சு! அன்னைக்கும் இப்படித்தான்!"

பூங்கோதை அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

"வராதவர் நேரம் கேப்பாரா ஐயா?"