ஜமால் பேசிவைத்த ஊர்கள்

திருச்சியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். அதன் தலைமைப் பொறியாளர் வேதநாயகி. கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லி யாரும் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் கேலியாக அவரைக் குரு என்பார்கள். வங்கி வேலையை விட்டு நாற்பது வயதில் அவரிடம் தொழில் கற்க வந்த இன்னாசி மட்டும் கேலியில்லாமலே அப்படிக் கூப்பிட்டான்.

அன்று காலை அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"குருவே, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"என்ன ஆச்சு?"

பார்வையற்றவர்களுக்குப் பேருந்து நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும் செயலி அவர்களுடையது. பெயர்களைத் தன் குரலில் பேசிப் பதிந்தவன் ஜமால். நோய் முற்றியபின் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். "இன்னைக்கும் அனுப்பிட்டேன் இன்னாசி" என்று சாயங்காலம் போன் செய்வான். எல்லோருடைய வேலையும் வந்து சேரும் நிறுவனத்தின் பொதுக் களஞ்சியத்தில் ஒன்றும் வந்திருக்காது. படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குகிறான், வாங்கிவிட்டுப் போகட்டும், பாவம் என்று இன்னாசி விட்டுவிட்டான்.

ஜமால் இறந்தபின் அவன் மடிக்கணினியை இன்னாசிதான் வாங்கிவந்தான். களஞ்சியத்தில் சேராதது ஏதும் மிச்சமா என்று வழக்கப்படி அதனிடம் கேட்டான். ஒன்றுமில்லை என்றது. எல்லாவற்றையும் அழித்து, வேலைக்குப் புதிதாக வந்தவரிடம் கொடுத்துவிட்டான்.

நேற்று ஜமாலின் மனைவி ரஹ்மத் கூப்பிட்டிருந்தாள். "அண்ணே, மூச்சு வாங்க வாங்கப் பேசிப் பதிஞ்சாங்க. பக்கத்துல தண்ணி வச்சுக்கிட்டு நான்தான் உக்காந்திருந்தேன். புள்ளைக்கு அந்தக் குரல் வேணும்ணே."

"அவன் பேசியிருக்கான் குருவே. அப்புறம் ஏன் ஒண்ணுமில்லைன்னு சொல்லுச்சு?"

வேதநாயகி தன் கணினியை அவன் பக்கம் திருப்பினார். "ஊர்ப் பெயர்கள் இருக்கிற ஃபோல்டருக்குள்ள, ஜமால் வச்சிருந்த மாதிரியே 'குரல்'னு ஒரு ஃபோல்டர் போடுங்க. எதையாவது பேசி அதுல வைங்க."

"பாலக்கரை" என்று ஒரு நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிப் பதிந்து வைத்தான் இன்னாசி.

"மிச்சம் இருக்கான்னு கேளுங்க."

ஒன்றுமில்லை என்றது.

"எந்த விதி தடுக்குதுன்னு கேளுங்க."

எவற்றைக் களஞ்சியத்தில் சேர்க்கக்கூடாது என்று எழுதிவைக்கும், எல்லோர் கணினிக்கும் போகும் கோப்பிலிருந்து ஒரு வரி வந்தது. இரண்டு நட்சத்திரக் குறி, ஒரு சாய்கோடு, 'குரல்'. அந்தப் பெயரில் ஃபோல்டர் எந்த ஆழத்தில் இருந்தாலும் சேர்க்காதே, மிச்சம் என்றும் காட்டாதே.

இன்னாசி எழுதிய வரிதான். எல்லாவற்றுக்கும் மேலே இதே பெயரில் இருந்த இன்னொரு ஃபோல்டரில் கிடந்த இயந்திரக் குரல் குப்பையை ஒதுக்க எழுதினான். இந்த இடம் என்று குறித்து எழுதச் சோம்பல்பட்டு நட்சத்திரத்தைப் போட்டுத் தொலைத்தான். கம்ப்யூட்டர் என்ன செய்யும், சொன்னதைக் கேட்டது.

அவசரமாக அதன் கீழே இன்னொரு வரி எழுதினான். உள்ளே இருக்கும் ஒலிக்கோப்புகளை மட்டும் சேர்த்துக்கொள். மறுபடி கேட்டான். ஒன்றுமில்லை.

"விலக்கு குடுத்தும் எடுக்க மாட்டேங்குதே!"

"ஃபோல்டரையே வேணாம்னுட்டீங்க. அதுக்கப்புறம் அது உள்ள எட்டிக்கூடப் பாக்காது. உள்ள இருக்கறதுக்கு விலக்கு எழுதி என்ன பிரயோசனம்?"

இரண்டு வரிகளையும் அழித்தான். மேலே இருக்கும் ஃபோல்டரை மட்டும் இடம் குறித்து எழுதினான். இப்போது கேட்டதும், ஒரு ஒலிக்கோப்பு மிச்சமிருக்கிறது என்றது. அது அவன் பேசிய பாலக்கரை. இன்னாசி மேசையில் தலையை வைத்து அழுதான்.



பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "ரஹ்மத்துகிட்ட என்ன சொல்றது? களஞ்சியத்துல இல்லைன்னு சொல்லிடவா? அது உண்மைதானே?"

"இல்லைன்னு சொல்லாதீங்க, இன்னாசி. இருந்துச்சு, தினமும் இருந்துச்சு, நான்தான் பாக்கலைன்னு சொல்லுங்க."