நாலு செகண்ட் கெட்டிமேளம்

தமயந்தி வெளியிடும் முதல் தனிப்பாட்டில் குரலே கிடையாது. அக்கா கல்யாணத்தில் தவில்காரர் சிங்காரவேலு வாசித்த கெட்டிமேளத்தில் நாலு செகண்டை மட்டும் எடுத்து, வெட்டி, ஒட்டி, இழுத்துச் செய்த ஹிப் ஹாப்.

அட்டையில் அவர் பெயரும் வரணும் என்றாள்.

"நாலு செகண்டுக்குப் பேரா? அதைத் தூக்கிடும்மா!" என்றார் பாட்டை வெளியிடும் கம்பெனியின் முதலாளி குலசேகர்.

"ஆகட்டும் சார்."

வெளியீட்டு விழாவில் குலசேகரே பெருமையாகப் பட்டனை அழுத்தினார். ஸ்பீக்கர் மூச்சே விடவில்லை.

"பாட்டு எங்கேம்மா?"

"நீங்க சொன்ன நாலு செகண்டைத் தூக்கிட்டேன் சார். மிச்சம் இவ்வளவுதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குலசேகர் அசடு வழிய, சிங்காரவேலு பெயரை மைக்கில் சொன்னார். அப்புறம்தான் தமயந்தி அசல் பாட்டைப் போட்டாள்.

பின்வரிசையிலிருந்து வந்த தவில்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா எல்லாரும் என்னைப் பார்த்து 'கெட்டிமேளம்'னுதான் கத்தியிருக்காங்க. பேர் சொல்ல வெச்சது நீதாம்மா."