சந்தனத்துக்கு உருகாத வெண்கலம்

மூன்று நாள் எரித்தும் வெண்கலம் உருகவில்லை.

வெகுகாலத்துக்கு முன் செம்மலை நாட்டை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டான். கெட்டவன் இல்லை. கடைசியாக யார் பேசினாரோ அவர் பேச்சைக் கேட்பான், அவ்வளவுதான். கோயிலுக்கு மணி வார்க்கச் சொன்னான். மந்திரி நல்லாண்டார் உலைக்குக் கரி இறக்கினார். அரசவைப் பிரபு அரங்கேசருக்கு அது பொறுக்குமா?

"சாமி மணிக்கு அமங்கலக் கரியா? சந்தனம் தவிர எதுவும் உலைக்குள் போகக் கூடாது, மகாராஜா!"

"போகக் கூடாது," என்றான் அரசன்.

சந்தனம் எரிந்தது. ஊரே மணத்தது. வெண்கலம் அசையவில்லை.

அரசனுக்குக் கோபம். "ஏழு நாளில் மணி வராவிட்டால் வார்ப்புக்காரன் தில்லையாண்டியின் கட்டைவிரல் இரண்டையும் வெட்டுங்கள்!"

மந்திரிக்கு அலுத்துவிட்டது. முப்பது வருஷமாக இதே பிழைப்பு. மூட்டுவலியோடு காட்டுக்கு நடந்து, கரி சுடுகிறவளிடம் போய் நின்றார்.

"ஏம்மா, சந்தனத்துக்கு ஏன் உருகலை?"

"எந்தக் கட்டையும் ஈரத்தையும் புகையையும் கக்கித்தானே எரியும்? பாதிச் சூடு அதுலயே போயிடும். பாலுக்கு வறட்டி போதும், சோத்துக்கு விறகு போதும். வெண்கலத்துக்குக் கரிதான் சாமி."

"சந்தனம்தான் வேணுமாம்."

அவள் சிரித்தாள். "அப்ப சந்தனத்தையே அனுப்புங்க."

குழியில் சந்தனக் கட்டைகளை அடுக்கி, தழை போட்டு, மண்ணால் மூடி, ஐந்து நாள் புகையவிட்டாள். ஏழாம் நாள் காலை கூடை கூடையாக உலைக்குக் கொண்டுவந்து இறக்கினாள்.

அரங்கேசர் துள்ளினார். "கரி! ஆணையை மீறிவிட்டாள்!"

"உங்க சந்தனம்தான் எசமான். ஈரத்தையும் புகையையும் முன்னாடியே கழிச்சிட்டேன். வேற குச்சி ஒண்ணு கலந்திருந்தா என் விரலையும் சேத்து வெட்டுங்க."

அரசன் தாடியைத் தடவினான். "அரங்கேசரே, துருத்தியை நீர் மிதியும். பார்த்துவிடுவோம்."

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரபு மிதித்தார். வியர்த்து வழிந்தார். உச்சிப்பொழுதுக்கெல்லாம் வெண்கலம் தண்ணீராய் அச்சுக்குள் ஓடியது. தில்லையாண்டி தன் விரல்களைப் பார்த்துப் பார்த்து அழுதான்.

"மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"கொஞ்சம் தூக்கம், மகாராஜா. காரியம் என்னுடையது இல்லை, அவளுடையது."

"சரி. அந்தக் காடு இனி அவளுக்கு. பட்டயத்தில் என்ன பேர் எழுத?"

முகத்துக் கரியை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்:

"வெள்ளச்சி."